முள்ளும் புள்ளியும்

எங்கள் வீட்டில் ஓர் அம்பாசிடர் இருக்கிறது. மார்க் 4. 1984-ம் வருஷத்து வண்டி. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே 2014-ல் அம்பாசிடர் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. நான்தான் இன்னும் ஓட்டுவதை நிறுத்தவில்லை. அது அப்பாவின் வண்டி.

அப்பா, ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதியவர். ரிட்டயர் ஆன பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலூரிலிருந்து ஆம்பூருக்குக் கிளம்பிவிடுவார். பழைய நண்பர்களைப் பார்க்க என்பது அவர் சொல்லும் காரணம். பிரியாணியும் எண்ணெய் கத்திரிக்காயும் என்பது எங்களுக்குத் தெரிந்த காரணம்.

வெயில் நாளில் பாதி வழியிலேயே வண்டியை ஓரங்கட்டிவிடுவார். பெரும்பாலும் மாதனூர் டீக்கடை. பானெட்டைத் தூக்கிவிட்டு நிழலில் நிற்பார்.

''ஹீட் மீட்டர் முள்ளு கீழேதானேப்பா இருக்கு. எதுக்கு நிறுத்துறீங்க?''

''சும்மா... ஒரு டீ குடிக்கலாம்டா.''

அப்பாவுக்கு வயசாகிவிட்டது, பயப்படுகிறார் என்று நினைத்துக்கொள்வேன். சில சமயம் வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

மூன்று வருஷம் முன்பு அப்பா போய்ச் சேர்ந்தார். வண்டி என்னிடம் வந்தது. முதல் வேலையாக டேஷ்போர்டைத் துடைத்துப் பளபளப்பாக்கினேன். ஹீட் மீட்டர் கண்ணாடியில், C-க்குச் சற்று மேலே, சிவப்பாக ஒரு சொட்டு நெயில் பாலிஷ். தங்கச்சி எப்போதோ சிந்தியிருப்பாள் என்று பெட்ரோல் நனைத்த துணியால் தேய்த்து எடுத்தேன்.

போன மே மாதம். கத்திரி வெயில். மனைவி, மகனோடு ஆம்பூர் போய்க்கொண்டிருந்தேன். முள் C பக்கத்திலேயே சமர்த்தாக இருந்தது. பள்ளிகொண்டா தாண்டியதும் பானெட் இடுக்கிலிருந்து புஸ்ஸென்று ஆவி! நிறுத்தி, முக்கால் மணி நேரம் ஆறவைத்து, தண்ணீர் ஊற்றி, மாட்டு வண்டி வேகத்தில் உருட்டிக்கொண்டு ஆம்பூர் போய்ச் சேர்ந்தேன். இன்னும் இரண்டு கிலோமீட்டர் முள்ளை நம்பியிருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்.

மனைவியையும் மகனையும் பிரியாணிக் கடையில் உட்காரவைத்துவிட்டு ஒர்க் ஷாப் போனேன். அங்கே ஆளாளுக்கு யோசனை. 'மீட்டரை மாத்துங்க', 'தெர்மோஸ்டாட்டைக் கழட்டிக் கடாசுங்க', 'ரேடியேட்டரே மாத்திடுங்க...' மெக்கானிக் பாய் மட்டும் அமைதியாக இருந்தார்.

''எதையும் மாத்தாதீங்க சார். முதல்ல யார் பொய் சொல்றாங்கன்னு பார்ப்போம்.''

நான் பி.காம். கேஷ் புக்கும் பாஸ் புக்கும் ஒத்துப்போகாவிட்டால், உடனே பேங்க்கை மாற்றமாட்டோம். வித்தியாசம் எங்கே என்று வரிவரியாகத் தேடுவோம். பாய் செய்ததும் அதேதான்.

கொதித்த காரணம் உடனே கிடைத்தது. ஃபேன் பெல்ட் தொளதொள. இறுக்கினார். அதை முள் ஏன் சொல்லவில்லை?

எஞ்சின் முழுசாக ஆறியதும் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து வண்டியை ஸ்டார்ட் செய்தார். அவர் தம்பி தோல் தொழிற்சாலை லேபில் வேலை பார்க்கிறார். அவர் கொண்டுவந்த தெர்மாமீட்டரை ரேடியேட்டர் தண்ணீரில் விட்டார். 60... 75... 90 டிகிரி. நான் உள்ளே உட்கார்ந்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். C-க்குச் சற்று மேலே ஏறியது. நின்றுவிட்டது.

அந்த இடம் எனக்குத் தெரியும். நான் தேய்த்து எடுத்த புள்ளி இருந்த இடம்.

அது தங்கச்சி சிந்தியது இல்லை. முள் இந்தப் புள்ளிக்கு வந்தால் நிறுத்தி ஆறவிடு என்று அப்பா தனக்கே வைத்துக்கொண்ட கணக்கு.

பாய் அடுத்ததற்குப் போய்விட்டார். எஞ்சின் ஹெட்டில் இருக்கும் சென்சாரின் ஒயரைப் பிடுங்கி, ஒரு நொடி எஞ்சின் இரும்பில் தொட்டார். முள் விறுட்டென்று H-க்குப் பாய்ந்தது. ஆக, மீட்டரும் ஒயரும் யோக்கியம்.

''எங்க தோல் வேலையில கொதிதண்ணி டெஸ்ட்டுன்னு ஒண்ணு இருக்கு சார்'' என்றார் தம்பி. குரோம் போட்டுப் பதனிட்ட தோலில் ஒரு துண்டு வெட்டி, அதன் ஓரத்தைக் காகிதத்தில் வரைந்துகொள்வார்களாம். கொதிக்கும் தண்ணீரில் இரண்டு, மூன்று நிமிடம் போட்டு எடுத்து, அதே கோட்டின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். சுருங்கியிருந்தால் பதம் பத்தவில்லை.

''கொதிக்கிற தண்ணி யாருக்காகவும் பொய் சொல்லாது சார்.''

வண்டி ஆறிய பிறகு சென்சாரைக் கழற்றினார்கள். அதன் உடம்பிலிருந்து தனி ஒயரில் எர்த் கொடுத்து, டீக்கடைக் கெட்டிலில் கொதிக்கும் தண்ணீருக்குள் நுனியை முக்கினார்கள். முள் மளமளவென்று H அருகே போய் நின்றது. சென்சாரும் யோக்கியம்!

அப்புறம் யார்தான் திருடன்?

பாய் சென்சாரின் மரையைக் காட்டினார். பைப் வேலைக்குச் சுற்றும் வெள்ளை டேப்.

சூடு ஏற ஏற, சென்சாருக்குள் மின்தடை குறையும். கரன்ட் கூடும், முள் ஏறும். இந்த சென்சாருக்கு ஒரே ஒயர்தான். கரன்ட் திரும்பும் வழி அந்த மரையும் எஞ்சின் இரும்பும். நடுவில் டேப் வந்ததால் எர்த் சரியாகக் கிடைக்கவில்லை. கரன்ட் குறைந்தது. மீட்டர் அதைக் 'குளிர்ச்சி' என்று படித்துக்கொண்டது.

''எந்தப் புத்திசாலி சார் இதைச் சுத்தினது?''

நான் பதில் சொல்லவில்லை. பத்து வருஷம் முன்பு அந்த இடத்தில் தண்ணீர் கசிந்தபோது, 'ஒர்க் ஷாப் எதுக்குப்பா, பத்து ரூபாய் டேப் போதும்' என்று சுற்றி இறுக்கிய புத்திசாலி நான்தான்.

அதன் பிறகு முள் ஏறவில்லை என்பதை அப்பா கவனித்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. என் தப்புக்கு நேராக ஒரு சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டு, மாதனூரில் டீ குடித்திருக்கிறார். நான் அந்தப் புள்ளியையும் துடைத்துவிட்டேன்.

பாய் டேப்பைச் சுரண்டி எடுத்து, மரையைச் சுத்தம் செய்து, செம்பு வாஷர் போட்டு இறுக்கினார். இப்போது முள் ஒழுங்காக நடுவில் நிற்கிறது.

திரும்பும் வழியில் மாதனூரில் வண்டியை ஓரங்கட்டினேன்.

''முள்ளு நடுவுலதானேப்பா இருக்கு. ஏன் நிறுத்துற?'' என்றான் மகன்.

''சும்மா... ஒரு டீ குடிக்கலாம்டா'' என்றேன்.