சாணிக்கு அபராதம் கிடையாது

கொடைக்கானல் போகிறவர்கள் ஏரியில் படகு விடுவார்கள். கோக்கர்ஸ் வாக்கில் மேகத்தைப் பின்னால் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். திரும்பும்போது ஹோம்மேட் சாக்லேட் வாங்கி, பஸ் வத்தலக்குண்டு இறங்குவதற்குள் அது பாயசமாகிவிட்டதே என்று வருத்தப்படுவார்கள். நான் போனது வேறு காரியத்துக்கு. கணக்கு எழுத.

சென்னையில் வேலை பார்க்கும் என் நண்பனின் ஆபீஸில் பன்னிரண்டு பேர் கோல்ஃப் ஆடுகிறார்கள். வருஷத்துக்கு நாலு முறை எங்காவது கூடி ஆடி, பாயின்ட் போட்டு, கடைசியில் ஒருவருக்கு ஒரு கப் கொடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு லீக் என்று பெயர். நண்பன் போன் செய்தான்.

"ஸ்கோர் எழுத ஒரு ஆள் குறையுதுடா. நீ பி.காம். தானே? கூட்டல் தெரியுமில்லே? ரூமும் சாப்பாடும் என் செலவு."

பி.காம். படித்ததற்கு இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் நேரடிப் பலன்.

ஏரியிலிருந்து பில்லர் ராக்ஸ் போகிற ரோட்டில், கிரீன் வேலி வ்யூவுக்குப் பக்கத்தில் இருக்கிறது கொடைக்கானல் கோல்ஃப் கிளப். 1895ல் ஆரம்பித்தது. காய்ச்சலுக்குப் பயந்து அமெரிக்கப் பாதிரிமார்கள் 1845ல் மலையேறி வந்து பங்களா கட்டினார்கள். 1863ல் வெரி லெவிஞ்ச் என்ற வெள்ளைக்காரக் கலெக்டர் ஓடைக்கு அணை போட்டு ஏரியாக்கினார். அப்புறம் மிச்சமிருந்தது குழி வெட்டிப் பந்து தள்ளுவதுதான். அதையும் செய்துவிட்டார்கள். அப்போது காட் ரோடு கிடையாது. துரைமார்கள் டோலியில் மேலே வந்தார்கள். டோலி தூக்கினவர்கள் என்ன விளையாடினார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

காலை ஏழு மணி. பச்சை மேடுகள், பள்ளங்கள், ஓரத்தில் பைன் மரங்கள். பத்தடிக்கு அப்பால் மூடுபனி. பதினெட்டுக் குழிகளும் அந்தப் பனிக்குள் எங்கேயோ இருக்கின்றன என்று சொன்னார்கள். நம்பினேன்.

"இவர்தான் நம்ம கேடி" என்று ஒருவரை அறிமுகப்படுத்தினான் நண்பன்.

எனக்குத் தெரிந்த கேடிகளின் போட்டோ போலீஸ் ஸ்டேஷன் போர்டில் இருக்கும். இவரோ ஐம்பது தாண்டியவர், குல்லாய், ஸ்வெட்டர், தோளில் நண்பனின் மட்டைப் பை. ஒரு பையில் பதினாலு மட்டைக்கு மேல் இருக்கக் கூடாதாம். பதினைந்தாவது இருந்தால் குழிக்கு இரண்டு ஸ்ட்ரோக், அதிகபட்சம் நாலு ஸ்ட்ரோக் அபராதம். கிளம்பும் முன் அவர் எண்ணிப் பார்த்தார், பள்ளிக்கூட வேன் டிரைவர் குழந்தைகளை எண்ணுகிற மாதிரி.

என் கையில் ஒரு அட்டையையும் பென்சிலையும் கொடுத்தார்கள். அட்டையோடு ஒரு டைப் செய்த தாள். தலைப்பு, 'உள்ளூர் விதிகள்'.

கோல்ஃபுக்கு உலகம் முழுக்க ஒரே சட்டப் புத்தகம்தான். ஆனால் ஒவ்வொரு மைதானத்தின் மண்ணும் மாடும் வேறு. அதனால் உள்ளூர்க் கமிட்டி தனியாகச் சில விதிகள் போட்டுக்கொள்ளலாம். 1940ல் லண்டன் ரிச்மண்ட் கோல்ஃப் கிளப்பில், ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்த சமயம், தற்காலிக விதிகள் எழுதினார்கள். எதிரி நடவடிக்கையால் பந்து நகர்ந்தால் எடுத்துப் பழைய இடத்தில் வைக்கலாம், அபராதம் இல்லை. ஆனால் அடிக்கிற நேரம் பார்த்துக் குண்டு வெடித்துக் கை தவறினால்? இன்னொரு பந்து ஆடலாம், ஒரு ஸ்ட்ரோக் அபராதம்! குண்டு போட்டது ஹிட்லர், அபராதம் கட்டுவது ஆட்டக்காரர்.

நம்மவர்களின் தாளில் ஹிட்லர் இல்லை, காட்டெருமை இருந்தது. பக்கத்தில் காட்டெருமை நின்றால் பந்தை விட்டுவிடு, பத்திரமான இடத்தில் வேறு பந்து போட்டுக்கொள், அபராதம் இல்லை. இது பொது விதியிலேயே உண்டு. ஆபத்தான மிருகத்தின் பக்கத்தில் நின்று ஆடச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. காட்டுப்பன்றி தோண்டின குழியில் விழுந்தாலும் இலவச விடுதலை. ஆனால் குளம்புத் தடம்? சட்டப்படி அது மிருகம் 'தோண்டிய' குழி ஆகாது, மிதித்த குழி. வக்கீல்கள் தோற்றார்கள்! அதனால் குளம்புத் தடத்தையெல்லாம் 'பழுது பார்க்கும் நிலம்' என்று இவர்களே தாளில் அறிவித்துக்கொண்டார்கள்.

அடுத்தது சாணி. அது காய்ந்த இலை, சுள்ளி மாதிரி ஒட்டாத பொருள். தாராளமாக அகற்றலாம், சாணிக்கு அபராதம் கிடையாது. ஆனால் அகற்றும்போது பந்து அசைந்தால் ஒரு ஸ்ட்ரோக், பந்தைப் பழைய இடத்தில் வைக்க வேண்டும். இந்த வரியை நான் சிரித்துக்கொண்டே படித்தேன்.

மற்றபடி ஆபீஸ்காரர்களுக்கு நிறைய சலுகை. வெள்ளைக் கம்புக்கு வெளியே போனால் முறைப்படி ஒரு ஸ்ட்ரோக் அபராதம், திரும்ப நடந்து முதலில் அடித்த இடத்திலிருந்தே ஆட வேண்டும். பின்னால் வருகிறவர்கள் கொட்டாவி விடுவார்கள். அதனால் 2019ல் புது விதிகள் வந்தபோது, பொழுதுபோக்கு ஆட்டக்காரர்களுக்காக மட்டும் ஒரு வழி வைத்தார்கள். இரண்டு ஸ்ட்ரோக் சேர்த்துக்கொண்டு, பந்து போன இடத்துக்குப் பக்கத்திலேயே போட்டு ஆடலாம். தட்கல் டிக்கெட் மாதிரி, கூடக் கொடுத்தால் காத்திருக்க வேண்டாம். தொலைந்த பந்தைத் தேட ஐந்து நிமிஷம் என்றிருந்ததையும் மூன்றாக்கிவிட்டார்கள். ஹேண்டிகேப் என்று ஒன்று. அது ட்ரேட் டிஸ்கவுண்ட். மொத்தத்தில் அதைக் கழித்தால் நெட். இங்கேதான் என் பி.காம். மின்னியது.

"பார்த்து எழுதுடா. 1968 மாஸ்டர்ஸ்ல ராபர்ட்டோ டி விசென்ஸோன்னு ஒரு அர்ஜென்டினாக்காரர். பதினேழாவது குழியில மூணு அடிச்சார். எழுதினவர் நாலுன்னு போட்டுட்டார். இவர் பார்க்காம கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான். அதிகமா எழுதினா அதுவே செல்லும். ஒரு ஸ்ட்ரோக்ல போச்சு. அன்னிக்கு அவருக்குப் பிறந்த நாள் வேற."

"கம்மியா எழுதினா?"

"ஆட்டத்தை விட்டே வெளியே."

எங்கள் கோஷ்டியில் நண்பனும் அவனுடைய மேனேஜரும்தான் முன்னணி. நாலு வருஷமாக நண்பன் அந்தக் கப்பைத் தொட்டதில்லை. பதிமூன்றாவது குழி முடிந்தபோது, டிஸ்கவுண்ட் போக, இருவரும் சமம். மேனேஜர் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

பதினாலாவது குழி. நண்பனின் பந்து பைன் மரங்களுக்கு அடியில் போய்விட்டது. மேனேஜர் எதிர்ப்பக்கம் தன் பந்தைத் தேடிக்கொண்டிருந்தார். நடுவில் பனி. இந்தப் பக்கம் நண்பன், கேடி அண்ணன், நான் மட்டும். பந்தின் மேல் சாய்ந்தாற்போல ஒரு காய்ந்த காட்டெருமைச் சாணி, சைஸில் ஒரு ஊத்தப்பம்.

நண்பன் ஒரு குச்சியால் அதை நெம்பினான். சாணி புரண்டது. அவன் பார்வை ஏற்கனவே கொடியின் பக்கம் போய்விட்டது. பந்து உருண்டது. அரை அங்குலம் இருக்கும், அதற்கு மேல் இல்லை.

நான் பார்த்தேன்.

அதே சமயம் எனக்கு ராத்திரி சாப்பிட்ட சாப்பாடு ஞாபகம் வந்தது. ரூம் ஞாபகம் வந்தது. நாலு வருஷம் ஞாபகம் வந்தது. அரை அங்குலத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று ஒரு நியாயமும் வந்தது. ஆடிட்டில் இதை 'சிறு வித்தியாசம், தள்ளுபடி' என்போம். பென்சிலை எடுத்தவன் மறுபடி பாக்கெட்டில் வைத்துவிட்டு, மரத்தைப் பார்த்தேன். நல்ல மரம்.

"சார், பந்து அசைஞ்சிருச்சு" என்றார் கேடி அண்ணன்.

நண்பன் திரும்பினான். அவருக்கு அன்றைய கூலியும் அதற்கு மேல் வருகிற டிப்ஸும் இவன் கையில்தான். மைதானம் அவ்வளவு அமைதியாக எனக்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

"நிஜமாவா அண்ணே?"

"இங்கன கிடந்துச்சு சார். இப்ப இந்தா, இங்கன." விரலால் காட்டினார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. மணி கேட்டால் சொல்வதுபோல் சொன்னார்.

நண்பன் பந்தை எடுத்து அரை அங்குலம் பின்னால் வைத்தான். "ஒண்ணு போட்டுக்கோ" என்றான் என்னிடம். போட்டேன்.

பதினெட்டாவது குழி முடிந்து கூட்டினேன். இரண்டு தடவை கூட்டினேன். நெட் கணக்கில் மேனேஜர் 73, நண்பன் 74. கையெழுத்துப் போட்டான். மேனேஜருக்குச் சிரிப்பு திரும்பி வந்தது.

பேசின கூலியைக் கேடி அண்ணனிடம் கொடுத்தான் நண்பன். இரண்டடி நடந்தான். திரும்பி வந்து இன்னொரு ஐந்நூறு ரூபாயை நீட்டினான்.

"இது எதுக்கு சார்?"

"பெனால்டிண்ணே."

அவர் சிரித்து வாங்கிக்கொண்டு, அடுத்த பையைத் தூக்கப் போனார்.

சாயங்காலம் டீக்கடையில் பஜ்ஜி சாப்பிடும்போது எனக்குத் தொண்டையில் சிக்கியது. "நானும் பார்த்தேன்டா" என்றேன்.

"தெரியும். பென்சிலை எடுத்தே, உள்ளே வெச்சே. மரத்தை வேற பார்த்தே."

"கோபமா?"

"1925ல பாபி ஜோன்ஸ்னு ஒருத்தர், யு.எஸ். ஓப்பன்ல. பந்து அசைஞ்சதை அவரைத் தவிர யாரும் பார்க்கலை. தானே சொல்லி ஒரு ஸ்ட்ரோக் வாங்கிக்கிட்டார். கடைசியில சமமாகி, ப்ளே ஆஃப்ல தோத்தார். பாராட்ட வந்தவங்ககிட்ட, 'பேங்கைக் கொள்ளையடிக்கலைன்னு ஒருத்தனைப் பாராட்டுவீங்களா'ங்கற மாதிரி கேட்டாராம்." பஜ்ஜியை முடித்தான். "எனக்கு உன் மேல கோபமில்லைடா. நீ சொல்லாம இருந்து, நான் அந்தக் கப்பை வீட்டு ஷோகேஸ்ல வெச்சிருந்தேன்னா, நீ வர்றப்பல்லாம் அதைப் பார்ப்பே. அது எனக்குத் தெரியாம இருந்திருக்கும். அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு."

பதில் சொல்லத் தெரியவில்லை. பஜ்ஜிக்கு நான் காசு கொடுத்தேன்.

மறுநாள் இறங்குகிற பஸ்ஸில் கண்டக்டர் அவசரத்தில் ஐம்பது ரூபாய் கூடக் கொடுத்துவிட்டார். மூன்றாவது ஹேர்பின் வளைவு வரை மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல மரங்கள்தான். பிறகு எழுந்து போய் அந்த நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

கண்டக்டர் அதை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

"ஏன் சார், கிழிசலா?"