ஒட்டகத்தைக் கட்டிய பின்னர்...

கோலாலம்பூரில் பணிபுரியும் என் மருமகன், மலேசியாவின் சபா மாநிலத்திலுள்ள கினபாலு மலையில் ஏற விரும்பித் தன் பயணத் திட்டத்தை எனக்கு அனுப்பியிருந்தான். "மாமா சம்மதித்தால் போ" என்று அவனிடம் சொல்லிவிட்ட என் மூத்த சகோதரி, என்னிடமோ, "எப்படியாவது தடுத்துவிடு, தம்பி" என்று கண்கலங்கினார்.

திட்டத்தைப் படித்தேன். மலையின் உயரம் 4,095 மீட்டர். முதல் நாள், 1,866 மீட்டர் உயரத்திலுள்ள திம்போஹோன் வாயிலிலிருந்து 6 கிலோமீட்டர் ஏறி, 3,272 மீட்டர் உயரத்திலுள்ள பனலாபான் தங்குமிடத்தில் உறங்க வேண்டும். மறுநாள் அதிகாலை 2.30 மணிக்குப் புறப்பட்டு, செங்குத்தான இடங்களில் கயிற்றைப் பற்றியும் கையூன்றியும் பாறைமேல் ஏறி, சூரியன் உதிக்கும் வேளையில் உச்சியை அடைய வேண்டும். இறங்கும்போது 'வியா ஃபெராட்டா'. இத்தாலிய மொழியில் 'இரும்புப் பாதை' என்பது இதன் பொருள். செங்குத்துப் பாறையில் இரும்பு வடமும் படிகளும் பதிக்கப்பட்டிருக்கும். இடுப்பு வாரிலிருந்து வரும் இரு கொக்கிகளை அவ்வடத்தில் மாட்டிக்கொண்டே நகர வேண்டும். வடம் பாறையோடு பிணைந்த இடத்தில், ஒரு கொக்கியைக் கழற்றி அப்பால் மாட்டிய பின்னரே மற்றதைத் தொடலாம்.

ஒட்டகத்தைக் கட்டாமல் இறைவனை நம்பட்டுமா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டு நம்புமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் போதிக்கிறேன். "அந்தக் கொக்கிதான் ஒட்டகத்தின் கயிறு" என்று மகிழ்ந்து, சம்மதம் எழுத அமர்ந்தேன்.

அப்போதுதான் அந்த நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. 2015 ஜூன் 5, வெள்ளிக்கிழமை காலை. 6.0 அளவு நிலநடுக்கத்தில் அம்மலையின் பாறைகள் பெயர்ந்து விழ, 18 பேர் உயிரிழந்தனர். இரும்புப் பாதைக்குச் சென்றிருந்த சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளி மாணவர்களும் ஆசிரியர்களும் அவர்களுள் இருந்தனர். ஒட்டகத்தைக் கட்டியவர்கள்தாமே அவர்களும்! எழுதுகோல் நின்றுவிட்டது. நானும் பிள்ளைகளைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் ஆசிரியன் அல்லவா?

கயிறு, உயிருக்கு நாம் கொடுக்கும் விலையன்று. அது நம் கடமை மாத்திரமே. காப்பது அல்லாஹ்வின் நாட்டம். இத்தனை ஆண்டுகளாக அந்த அறிவுரையின் முற்பாதியை மட்டுமே நான் அழுத்திச் சொல்லி வந்தேன் என்பது அன்று விளங்கியது.

மருமகனுக்கு மூன்று நிபந்தனைகள் விதித்தேன். மெலிந்த காற்று உடலுக்குப் பழக, ஒருநாள் முன்னதாகவே அடிவாரம் சேர்ந்து தங்க வேண்டும். மழை கண்டு வழிகாட்டி திரும்பச் சொன்னால், உச்சி கண்ணெதிரே இருந்தாலும் திரும்ப வேண்டும். மூன்றாவதாக, "உன் திட்டத்தில் சுபுஹுத் தொழுகை எங்கே?" என்று கேட்டேன். சற்று மௌனமாக இருந்தவன், "வுளூவுடன் புறப்படுவேன், மாமா. பாறையோரம் ஒதுங்கித் தொழுதுகொள்வேன்" என்றான்.

சகோதரியிடம், ஆபத்தே இல்லை என்று நான் பொய் கூறவில்லை. அனைத்தையும் விளக்கினேன். நெடுநேரம் பேசாதிருந்தவர், "என்றைக்கு ஏறுகிறான்?" என்று மட்டும் கேட்டார்.

அன்று நோன்பு நோற்கப் போகிறாராம்.