கம்புக்கு முன் காலடி

சிலம்பு என்னுஞ் சொல்லுக்கு மலை என்றும் பொருளுண்டு. சிலம்புதல் என்பதற்கு ஒலித்தல் என்றும் பொருளுண்டு. மலையில் விளைந்த மூங்கிற் கோலைச் சுழற்றுதலால் சிலம்பம் என்னும் பெயர் வந்ததென்பார் ஒரு சாரார். சுழலுங் கோல் காற்றைக் கிழித்து ஒலித்தலால் வந்ததென்பார் மற்றொரு சாரார். அது எவ்வாறாயினும் ஆகுக. சிலம்பம் என்றவுடன் மாணாக்கர் பலரது மனக்கண்முன் தோன்றுவன, திருவிழா வீதியிற் சுழலுங் கம்பும், எம்.ஜி.ஆர். திரைப்படங்களில் ஆடிய கம்புச் சண்டைகளுமே. ஆறாண்டு அக்கலையைப் பயின்றும், ஈராண்டு விடுதி நண்பர்க்குக் கற்பித்தும் யாம் கண்ட உண்மையோ வேறு. சிலம்பம் கையினும் காலுக்கே பெரிதும் உரிய கலை. அதனை ஈண்டுச் சிறிது விளக்கப் புகுகின்றோம்.

எம் ஆசான் பகலெல்லாம் தென்னந்தோப்பில் உழைப்பவர். பொழுது சாய்ந்தபின் களத்தில் நின்று கற்பிப்பவர். யாம் அவரிடஞ் சென்று சேர்ந்த முதல் மூன்று திங்களும் எம் கையிற் கம்பு தரப்படவில்லை. மணலிற் கோடிழுத்து, முக்கோணமும் சதுரமும் வரைந்து, அவற்றின் முனைகளிற் கால் மாற்றி வைக்குமாறு பணித்தார். முன்வைத்தல், பின்வாங்கல், பக்கம் விலகல், திரும்பல் என்னும் இந்நான்கையும் மீண்டும் மீண்டும் செய்தோம். "கம்பு எப்பொழுது, ஆசானே?" என்று வினவினால், "கால் நிற்கட்டும் தம்பி, கம்பு தானே வரும்" என்பதே விடை.

நான்காந் திங்களில் எம் நெற்றியளவு உயரத்திற்கு மூங்கில் ஒன்றை வெட்டி, தீயில் வாட்டி நிமிர்த்து, எண்ணெய் பூசித் தந்தார். அதன் நீளம் ஐந்தரை அடி. அதனைப் பெற்ற அன்றிரவு யாம் உறங்கவில்லை என்பதைச் சிலம்பம் பயின்றார் எவரும் நம்புவர்.

காலுக்கு ஆசான் அளித்த முதன்மையின் காரணம், கல்லூரியிற் பௌதிகம் பயிலத் தொடங்கிய பின்னரே எமக்குத் தெளிவாயிற்று. பிடித்த இடத்திலிருந்து நுனிவரை 1.2 மீட்டர் நீளமுள்ள கம்பை ஒரு நொடிக்கு இருமுறை சுழற்றுவோமாயின், அதன் நுனி நொடிக்கு ஏறத்தாழ 15 மீட்டர் வேகத்திற் செல்லும். அஃதாவது மணிக்கு 54 கிலோமீட்டர். ஆனால், பிடிக்கும் நுனிக்கும் நடுவிலுள்ள இடத்தில் வேகம் பாதியே. ஆதலின் கம்பின் எட்டுக்கு அப்பால் நிற்பவனுக்கு அச்சமில்லை. பிடிக்கு அணித்தாய் உட்புகுந்தவனுக்கும் அச்சங் குறைவு. நுனி வந்து விழும் இடைப்பட்ட தொலைவில் மலைத்து நிற்பவனே அடியுண்பான். அத்தொலைவைக் கண்ணால் அளந்து, ஓரடி முன்னோ பின்னோ செல்லுதற்குக் காலைப் பழக்குவதே காலடிப் பயிற்சியின் பயன். எழுத்தறியாத எம் ஆசான் இதனை மணலில் வரைந்து காட்டினார். யாம் கரும்பலகையில் எழுதிக் கணக்கிட்டோம். விடை ஒன்றே.

விடுதி நண்பர் எழுவர் வேண்டிக்கொள்ள, காலை ஐந்தரை மணிக்கு விளையாட்டுத் திடலிற் கற்பிக்கத் தொடங்கினோம். 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளிற் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்ற செய்தி ஆர்வத்தை மிகுவித்தது. மகளிர் விடுதியினின்றும் எண்மர் வந்தனர். ஒருவர் கம்பு மற்றொருவர் மேற்படாதிருக்க, ஆளுக்கு ஆள் 3 மீட்டர் இடைவெளி விட்டு நிறுத்தினோம்.

கற்றல் ஒன்று, கற்பித்தல் மற்றொன்று என்பதை அத்திடலில் அறிந்தோம். இடக்கைப் பழக்கமுடைய நண்பர் ஒருவர் பொருட்டு, யாம் அறிந்த வரிசைகள் அனைத்தையும் கண்ணாடியிற் காண்பதுபோல் மாற்றி ஆடிக் காட்ட வேண்டியதாயிற்று. அதனால் எமது இடக்கையும் இடக்காலும் புதிதாய்க் கல்வி பெற்றன. தோள்வலி மிக்க ஆடவர் சிலர் வலியையே நம்பிக் காலை மறந்து நிற்க, மெல்லிய உடலினரான மங்கையர் ஒருவர் மூன்றே கிழமையிற் காலடி பிழையாது ஆடினார்.

இனி, எம் உள்ளத்தைப் பெரிதும் வருத்திய ஒன்றைக் கூறுவோம். முதலாண்டு மாணவர் ஒருவர் வந்தார். பெயர் வேண்டா. வாய்க்கால் நீர் பற்றிய பூசலில் அவர் தந்தையார் ஊரார் முன்னிலையில் ஒருவரால் அடியுண்டனர். "அண்ணே, அவரை அதே இடத்தில் அடிக்க வேண்டும்; அதற்காகவே கற்க வந்தேன்" என்று மறைக்காமல் உரைத்தார். கற்பித்தால் ஒரு தலை உடைதற்கு யாம் துணையாவோமோ என்னும் அச்சம் ஒருபுறம். மறுத்தால் அவமானத்தோடு அவரைத் தனியே விடுவோமே என்னும் இரக்கம் மறுபுறம். ஊருக்குச் சென்று ஆசானை வினவினோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, "கம்பைக் கேட்டு வருகிறவன் எல்லாருக்கும் மனத்தில் ஒருவன் இருப்பான், தம்பி. காலைக் கொடு. காலில் நிலைக்கிறானா என்று பார். நிலைத்தால் கம்பைக் கொடு" என்றார்.

அவ்வாறே செய்தோம். மூன்று திங்கள் அம்மாணவர் மணலிற் கால் வைத்தார். சினம் மிக்க நாளிற் கால் கோட்டைத் தாண்டும். யாம் ஒன்றுங் கூறோம். அவரே மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார். நான்காந் திங்களிற் கம்பு பெற்றார். பின்னர்ப் பொங்கல் விடுமுறைக்கு ஊர் சென்றார். அவர் திரும்பும்வரை எமக்கு உணவு செல்லவில்லை.

திரும்பியவர் கூறியது இது: "அண்ணே, அவர் வாய்க்கால் வரப்பில் என் எதிரே வந்து நின்று ஏசினார். எத்தனை அடி தொலைவில் நிற்கிறார் என்றுதான் முதலிற் பார்த்தேன். பார்த்தவுடன் கால் தானே பின்னே போயிற்று. ஓடவும் தோன்றவில்லை, அடிக்கவும் தோன்றவில்லை. மறுநாள் அப்பாவை அழைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து வந்தேன்." வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. அவர் சினமும் முற்றும் ஆறிற்றென யாம் சொல்லத் துணியோம்.

அடிக்கும் ஆற்றல் இல்லாதவன் பின்வாங்குவது அச்சம். அடிக்கும் ஆற்றல் பெற்றவன், தான் நிற்கும் இடத்தை அறிந்து ஓரடி விலகுவதே வீரம். தகுதியில்லார் கையிற் சேருமென அஞ்சி ஒரு கலையைப் பூட்டி வைத்தல் எளிது. ஆனால், அவ்வாறு பூட்டி வைத்தால் தகுதி பெறுதற்குரிய வழியும் உடன் பூட்டப்படும் அன்றோ?

இவ்வாண்டு புதிதாய் வந்த மாணவர்க்குத் திடலில் மணற்கோடு வரைந்து தருபவர் அந்நண்பரே. "கம்பு எப்பொழுது?" என்று அவர்கள் கேட்கின்றனர். அவர் நகைத்து, தேய்ந்துபோன கோட்டை மீண்டும் வரைகின்றார்.