மூன்று மில்லிமீட்டர் எஃகு

கொட்டிவாக்கத்தில் இரும்புக்கு ஆயுசு கம்மி. ஈசிஆருக்குக் கிழக்கே வீடு என்றால் இன்னும் கம்மி. ஜன்னல் கம்பி, கேட்டின் கீல், ஏசியின் வெளி யூனிட், மொட்டை மாடியில் கொடி கட்டிய ஆணி, எல்லாமே உப்புக் காற்றில் மெதுவாகப் பொரிந்து உதிரும். எங்கள் பெயின்டர் முதலில் கேட்பதே "கடல் எவ்ளோ தூரம் சார்?" என்பதுதான். அதற்கப்புறம்தான் சதுர அடி.

இந்த ஊருக்குப் போன ஜூலையில் மிஸ்ஸிஸாகாவிலிருந்து அக்கா குடும்பம் வந்தது. அக்கா மகள் ஒரு ஜோடி ஐஸ் ஹாக்கி ஸ்கேட்ஸைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். அவளுக்கு 13 வயது. புதுசு, விட்டுவிட்டு வர மனசில்லையாம். அபார்ட்மென்ட் செக்யூரிட்டி அண்ணன் பார்த்துவிட்டு, "சக்கரம் கழண்டுடுச்சா பாப்பா?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நம்ம ஊரில் ஸ்கேட்டிங் என்றால் சக்கரம்தான். சென்னைக்காரர் ஆனந்த்குமார் வேல்குமார் 2025-ல் சீனாவில் உலக சாம்பியன் ஆனதும் சக்கரத்தில்தான். பனிக்கட்டி மேல் ஹாக்கி ஆடும் இந்தியாவைப் பார்க்க லடாக் போக வேண்டும்.

மூன்றாவது வாரம் பிளேடில் ஆரஞ்சுப் புள்ளிகள் வந்தன. "இது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மாமா!" என்று கிட்டத்தட்ட அழுதாள்.

ஸ்டெயின்லெஸ் என்றால் துருவே பிடிக்காது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எஃகில் குரோமியம் போதிய அளவு இருந்தால் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆக்சைடு தோல் படியும், அதுதான் காவல். நல்ல சமையல் பாத்திரத்தில் குரோமியம் 18 சதவீதம் இருக்கும், கார்பன் மிகக் குறைவு. பாத்திரம் கூராக இருக்கத் தேவையில்லை. பிளேடு கூராக இருக்க வேண்டும், கூர் நிற்க வேண்டும், அதற்குக் கடினம் வேண்டும், கடினத்துக்குக் கார்பன் வேண்டும். அந்தக் கார்பனோ குரோமியத்தில் ஒரு பங்கைத் தன்னோடு கட்டிக்கொண்டு கார்பைடாகிவிடும். தோலுக்கு மிஞ்சுவது குறையும். அங்கே கடல் உப்பின் குளோரைடு வந்து உட்கார்ந்தால் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். கூர் வேண்டுமென்றால் துருவுக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தாக வேண்டும். கனடாவின் உட்புற மைதானத்தில் ஆடிவிட்டுத் துணியால் துடைத்து வைத்தால் போதும். வங்காள விரிகுடா அந்தக் கணக்கில் இல்லை.

அந்தப் பிளேடைக் கையில் வாங்கிப் பார்த்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. அகலம் சுமார் 3 மில்லிமீட்டர். அடிப்பக்கம் கத்தி மாதிரி ஒரே கூர் இல்லை, தட்டையும் இல்லை. நீளவாக்கில் வாய்க்கால் போல ஒரு மெல்லிய குழிவு, அதன் இரு கரையிலும் ஒவ்வொரு விளிம்பு. ஆக ஒரு காலுக்கு இரண்டு கூர். குழிவின் ஆரம் சின்னதானால் வாய்க்கால் ஆழம், பனியை நன்றாகக் கடிக்கும், சட்டென்று திரும்பலாம். ஆரம் பெரிதானால் கடி குறைவு, வழுக்கல் நன்றாக இருக்கும். அரை அங்குலமா, எட்டில் ஐந்து அங்குலமா என்று இவளும் இவள் தோழிகளும் சண்டை போட்டுக்கொள்வார்களாம். எந்த எஃகு கூர் தாங்கும், கருப்புப் பூச்சு பூசியது நல்லதா என்பதெல்லாம் தனிச் சண்டை. எங்கள் வீட்டில் டிகாஷன் பற்றி நடக்கும் சண்டையை விட இது மோசமில்லை.

சனிக்கிழமை தெருவில் சாணை பிடிப்பவர் வந்தார். சைக்கிளின் பின்னால் கல், பெடலை மிதித்தால் சுற்றும். ஸ்கேட்டை நீட்டினேன். பிளேடின் மேல் நகத்தை ஓட்டினார். ஒரு விளிம்பு, பிறகு மற்றது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இதுல நடுவுல குழி எடுத்திருக்கான் சார். நம்ம கல்லு பட்டைக் கல்லு. வெச்சா ரெண்டு பக்கமும் தட்டையாப் பூடும். நான் தொடல."

"துரு மட்டும் எடுக்க முடியுமாண்ணே?"

"கல்லு வேணாம். தேங்காண்ணெ தடவி பேப்பர்ல சுத்தி வைங்க, போதும்." பிறகு அவளிடம், "இன்னா இரும்புன்னு ஒரு பொறி விட்டா சொல்லிடுவேன் பாப்பா. பொறி பூவா வெடிச்சா ஒண்ணு, நீளமா ஓடுனா ஒண்ணு" என்றார்.

அவர் சொன்னதைப் பொறிச் சோதனை என்று எங்களுக்குக் கல்லூரியில் ஒரு பாடமாக வைத்திருந்தார்கள். கார்பன் கூடினால் பொறி கிளைத்து வெடிக்கும். நான் அதற்கு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன், பொறியைப் பார்த்ததில்லை. பணம் கொடுத்தபோது, "வேலையே செய்யல சார்" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை அவள் இன்னொன்று காட்டினாள். பூட்டின் அடியில் ஒரு விசை. இழுத்தால் பிளேடு கழன்று கையில் வரும், ஆட்டத்தின் நடுவே மாற்றிக்கொள்ளலாம். "இதுக்கெல்லாம் பேடன்ட் இருக்கு மாமா." இருக்கிறது. பௌவர் 1927-ல் ஆரம்பித்த கம்பெனி. சிசிஎம் 1899-ல் சைக்கிள் கம்பெனியாகப் பிறந்து ஸ்கேட்டுக்கு வந்தது. கணுக்காலை இருபுறமும் அணைக்கும் பூட்டின் பகுதியை ஒரே துண்டாகச் செய்ததற்கு பௌவர் கனடாவில் பேடன்ட் வைத்திருந்தது. அதை வைத்து ஈஸ்டன் மேல் வழக்குப் போட்டு 2010-ல் ஜெயித்தது. சிசிஎம் மேலும் போட்டது. 2020-ல், அந்தத் துறையில் பழகிய எவருக்கும் தோன்றியிருக்கக்கூடியதுதான் இது, ஆகவே செல்லாது என்று தீர்ப்பு வந்தது. பத்து வருஷத்தில் ஒரு கண்டுபிடிப்பு கண்டுபிடிப்பு இல்லாமல் ஆகிவிட்டது. தோல் அதேதான், தையலும் அதேதான்.

எனக்கு இந்த உலகம் கொஞ்சம் தெரியும். வேலை பார்க்கும் இடத்தில் இரண்டு பேடன்ட்களில் என் பெயர் இருக்கிறது. வக்கீல் வீடியோ அழைப்பில் வந்து கேட்கும் முக்கியமான கேள்வி, "நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்பதில்லை. "இதே பலனை வேறு எப்படி அடையலாம்?" என்பதுதான். ஒருவன் உங்கள் வாசகத்தை மிதிக்காமல் உங்கள் வீட்டுக்குள் வரக்கூடிய எல்லா சந்துகளையும் முன்கூட்டியே அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. அதன் பாதி நடந்தது நம்ம பரங்கிப்பேட்டையில்.

ஸ்கேட் பிளேடின் வரலாற்றைத் தோண்டினால் ஷெஃபீல்டு வந்தே தீரும். அங்கே 1696-ல் தொடங்கிய ஜான் வில்சன் என்ற பெயரில் இன்னமும் பிளேடு செய்கிறார்கள். அந்த ஷெஃபீல்டுக்கு, கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் சேவையிலிருந்து ஒருவர் போனார், ஜோசையா மார்ஷல் ஹீத். சேலத்தில் வேலை பார்த்தபோது அங்கத்து இரும்பில் பைத்தியமாகி, 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் உலை வைத்தார். சேலத்துத் தாது, தென்னார்க்காட்டுக் காட்டின் கரி. உலை தள்ளாடித்தான் ஓடியது. 1839-ல் அவர் இங்கிலாந்தில் ஒரு பேடன்ட் எடுத்தார். எஃகு உருக்கும்போது மாங்கனீஸ் கார்புரெட் சேர்த்தால், ஸ்வீடனிலிருந்து வரும் விலை கூடிய இரும்பு இல்லாமலே, உள்ளூர் மட்ட இரும்பிலிருந்தும் நல்ல எஃகு வரும். ஷெஃபீல்டில் எஃகு விலையே இறங்கியது.

பிறகு ஹீத்துக்கே ஒரு மலிவான வழி தெரிந்தது. கார்புரெட்டைத் தனியாகச் செய்து சேர்க்க வேண்டாம், மாங்கனீஸ் ஆக்சைடையும் கரியையும் அப்படியே மூசையில் போட்டால் உள்ளேயே அது உருவாகிவிடும். அவருடைய ஏஜென்டாக இருந்த அன்வின் அதைப் பிடித்துக்கொண்டார். பேடன்டில் எழுதியிருப்பது கார்புரெட், நான் போடுவது ஆக்சைடும் கரியும், உங்களுக்கு ஏன் நான் பணம் தர வேண்டும்? வழக்கு வருஷக்கணக்கில் ஓடியது. நடுவிலேயே ஹீத் செத்துப் போனார். 1855-ல் பிரபுக்கள் சபை அன்வின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மூசைக்குள் நடந்த ரசாயனம் ஒன்றுதான். வாசகம் வேறு.

முதல் முறை படித்தபோது எனக்கு ஹீத் மேல் இரக்கம்தான் வந்தது. பாவம், ஒரு வரி கூட எழுதியிருக்கலாம். அதற்கப்புறம்தான் அவர் சேலத்து உருக்கைப் பற்றி எழுதியதைப் படித்தேன். உக்கு என்ற கன்னடச் சொல்தான் வூட்ஸ் என்று வெள்ளைக்காரன் வாயில் திரிந்தது என்பார்கள், நம்ம உருக்கும் அதே குடும்பம். தேனிரும்புத் துண்டுகள், ஆவாரங்குச்சி, மேலே எருக்கிலை, களிமண் மூசை, வாயை மண்ணால் அடைத்து ஊதல். சில மணி நேரத்தில் எஃகு. இதை விவரித்துவிட்டு ஹீத் ஒன்று கவனிக்கிறார். மூடிய மூசையில் இரும்பையும் கரியையும் சேர்த்து உருக்க மஷெட் 1800-ல் பேடன்ட் எடுத்தார். கரிவாயுவில் இரும்பைக் காட்டி எஃகாக்க, மழைக்கோட்டு மாகின்டாஷ் 1825-ல் எடுத்தார். இந்த இரண்டின் தத்துவமும் சேலத்துக்காரனின் ஒரே மூசைக்குள் ஏற்கெனவே இருக்கிறது என்கிறார்.

ஹீத் நம்மிடமிருந்து திருடினார் என்று ஒரு வாட்ஸாப் ஃபார்வர்டு எழுதிவிடலாம். அது உண்மையில்லை. மாங்கனீஸ் யோசனை சேலத்திலிருந்து போனதல்ல. சொல்லப்போனால் அந்த உலைக்காரர்களின் திறமையைப் பார்த்து நேர்மையாக எழுதி வைத்தவர்களில் அவர் ஒருவர். ஆனால் அந்த எழுத்தில் ஆவாரத்துக்கும் எருக்குக்கும் லத்தீன் பெயர் இருக்கிறது. மஷெட்டுக்குப் பெயர், மாகின்டாஷுக்குப் பெயர். ஊதியவனுக்கு மட்டும் நம்மிடம் பெயர் இல்லை.

இதையெல்லாம் நான் படித்துக்கொண்டிருந்த வாரம் ஆபீஸில் எங்களுடைய மூன்றாவது பேடன்ட்டுக்கான படிவம் நிரப்பினோம். அதன் மூலம் எங்கள் இரவு ஷிஃப்ட் சப்போர்ட்டில் இருக்கும் ஒரு பெண். ஒரு சர்வர் விழுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் லாக் எப்படி மாறுகிறது என்பதை அவர்தான் ஆறு மாதம் பார்த்துப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். நாங்கள் அதை அல்காரிதம் ஆக்கினோம். கண்டுபிடித்தவர்கள் கட்டத்தில் அவர் பெயரைப் போட்டேன். வக்கீலிடமிருந்து மரியாதையாக ஒரு மெயில் வந்தது. கவனிப்பது கண்டுபிடிப்பாகாது, கருத்தை உருவாக்கியவர்கள் பெயர் மட்டும் போதும்.

சட்டப்படி அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. நான் அந்த நோட்டின் ஏழு பக்கங்களைத் தேதியோடு ஸ்கேன் செய்து இணைத்தேன். அதில் நாலாவது பக்கத்தில், எத்தனை வரி எத்தனை நொடிக்குள் வந்தால் சர்வர் விழும் என்று அவர் கையால் ஒரு கணக்கு எழுதியிருக்கிறார். எங்கள் அல்காரிதத்தின் முதல் வரி அதுதான். "இது கவனிப்பா, கருத்தா?" என்று ஒரே ஒரு கேள்வி எழுதி அனுப்பினேன். வெள்ளிக்கிழமை மறுபடியும் அழைப்பு இருக்கிறது. இந்த முறை அவரையும் கூப்பிட்டிருக்கிறேன், ஷிஃப்ட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றார்.