சஞ்சயனுக்கு எட்டாத யுத்தம்

பாரத யுத்தத்தில் பதினெட்டு அக்ஷௌஹிணி சைன்யம் திரண்டது என்கிறார்கள். ஆனால் களம் என்னவோ ஒன்றேதான். அதனால்தான் கண் தெரியாத அரசனின் பக்கத்தில் அமர்ந்து, நடந்ததையெல்லாம் சஞ்சயன் ஒருவனே சொல்ல முடிந்தது. சங்கு முழங்கினால் இரு தரப்பாருக்கும் கேட்கும். சூரியன் அஸ்தமித்தால், பதினாலாம் நாளைத் தவிர, இரு தரப்பாரும் கூடாரத்துக்குத் திரும்புவார்கள்.

இரண்டாவது உலக யுத்தத்திலோ அஸ்தமனம் என்பதே இல்லை. ஒரு களத்தில் இருட்டும்போது இன்னொரு களத்தில் விடிந்து கொண்டிருந்தது. யுத்தத்தைப் பற்றிய புத்தகம் எது கைக்குக் கிடைத்தாலும், கடைசியில் உள்ள தேதிவாரி அட்டவணையை முதலில் புரட்டுவது நம் வழக்கம். தளபதிகளின் சுய சரிதைகளில் அகப்படாத உண்மைகள் சில அந்த வறண்ட வரிகளில் அகப்படும். அப்படி அகப்பட்ட ஒரு நாள் 1944-ம் வருஷம் ஜூன் மாதம் 22-ந் தேதி, வியாழக்கிழமை. நார்மண்டிக் கரையில் நேச தேசத்துப் படைகள் இறங்கிய ஜூன் 6-ந் தேதியை எல்லோரும் அறிவார்கள். இந்த 22-ந் தேதிக்கு அவ்வளவு கியாதி கிடையாது. ஆனால் அன்று சூரியன் போன வழியே நாமும் போய்ப் பார்த்தால், உலக யுத்தம் என்ற சொல்லுக்கு அர்த்தம் விளங்கும்.

முதலில் பொழுது விடிந்தது பசிபிக் மகா சமுத்திரத்தில், ஸைப்பான் என்னும் சின்னஞ் சிறு தீவில். அமெரிக்கத் துருப்புகள் அங்கே இறங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. 19, 20 தேதிகளில் நடந்த கடற்போரில் ஜப்பான் மூன்று விமானத் தாங்கிக் கப்பல்களையும் நூற்றுக்கணக்கான விமானங்களையும் இழந்துவிட்டது. ஆகவே தீவிலிருந்த ஜப்பானியருக்கு இனி உதவி வராது. அது தெரிந்தும் அவர்கள் மலைக் குகைகளில் இருந்து ஜூலை 9-ந் தேதி வரையில் போரிட்டார்கள். அடுத்தாற்போல் சீனாவில் விடிந்தது. அங்கே கதை நேர் எதிர். 18-ந் தேதி சாங்ஷா நகரைப் பிடித்த ஜப்பானியச் சேனை தெற்கே ஹெங்யாங்கை நோக்கி முன்னேறிக் கொண்டிருந்தது. ஒரே கொடியின் கீழ்ப் போரிட்டவர்களுக்கு ஓரிடத்தில் ஜயம், ஓரிடத்தில் நாசம்!

நம்முடைய மணிப்பூர் மலைகளில் அன்று மழை. அதைச் சற்றுப் பின்னால் பார்ப்போம்.

ருஷ்யாவில் அந்தத் தேதிக்கு ஒரு கசப்பான ஞாபகம் உண்டு. சரியாக மூன்று வருஷத்துக்கு முன், 1941 ஜூன் 22-ந் தேதி, முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட வீரர்களுடன் ஹிட்லர் அந்தத் தேசத்தின் மீது பாய்ந்தான். 1944-ல் அதே தேதியில் பைலோருஷ்யாவில் ருஷ்யர்கள் கணக்குத் தீர்க்க ஆரம்பித்தார்கள். அதற்குச் சில நாள் முன்பே காட்டிலிருந்த கொரில்லாப் படையினர் ஜெர்மானியரின் ரயில் பாதைகளை ஆயிரக்கணக்கான இடங்களில் வெடி வைத்துத் தகர்த்திருந்தார்கள். 22-ந் தேதி முன்னணியில் தாக்குதல் தொடங்கி, மறுநாள் முழு வேகம் கொண்டது. ஜூலை 3-ல் மின்ஸ்க் நகரம் மீண்டது. ஜூலை 17-ல் சுமார் 57,000 ஜெர்மானியக் கைதிகள் மாஸ்கோ வீதிகளின் வழியாக நடத்திச் செல்லப்பட்டார்கள்.

அங்கிருந்து மேற்கே, பிரான்ஸின் ஷெர்போர்க் துறைமுகம். 19-ந் தேதி கிளம்பிய புயல் நார்மண்டிக் கரையில் அமெரிக்கர் அமைத்திருந்த செயற்கைத் துறைமுகத்தைச் சுக்கு நூறாக்கிவிட்டது. ஆகையால் நிஜத் துறைமுகம் ஒன்று உடனே வேண்டியிருந்தது. 22-ந் தேதி பகலில் நூற்றுக்கணக்கான விமானங்கள் ஷெர்போர்க் அரண்களைத் தாக்கின. அந்தக் குழப்பத்தில் சில விமானங்கள் கீழே காத்திருந்த தங்கள் துருப்புகளையே சுட்டுவிட்டன. மாதக் கடைசிக்குள் துறைமுகம் கைக்கு வந்தது. ஆனால் ஜெர்மானியர் அதைப் பாழ்படுத்திவிட்டுத்தான் கொடுத்தார்கள். கப்பல் சரக்கு இறங்கப் பல நாள் பிடித்தது.

இந்தக் களங்களில் போரிட்ட சிப்பாய்க்கு மற்றக் களங்களைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. அவனுடைய உலக யுத்தம் அவன் பதுங்கியிருந்த பள்ளத்தின் அகலந்தான். நாலா பக்கத்தையும் சேர்த்துப் பார்க்கும் சௌகரியம், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து அட்டவணை படிக்கும் நமக்குத்தான் உண்டு. அந்தச் சௌகரியத்துக்கு ஒரு கடமையும் உண்டல்லவா?

மணிப்பூருக்கு வருவோம். மார்ச்சு மாதக் கடைசியில் கோஹிமா-இம்பால் சாலையை ஜப்பானியர் துண்டித்தார்கள். ஏறக்குறைய மூன்று மாதம் இம்பாலுக்கு அரிசியும் தோட்டாவும் ஆகாய மார்க்கமாகவே வந்தன. ஜூன் 22-ந் தேதி காலையில் 109-வது மைல் கல்லுக்கு அருகே, கோஹிமாவிலிருந்து இறங்கிய பிரிட்டிஷ் துருப்புகளும் இம்பாலிலிருந்து ஏறிய ஐந்தாவது இந்திய டிவிஷனும் சந்தித்தன. முற்றுகை தீர்ந்தது. சரித்திரக்காரர்கள் இதைப் பெரும் வெற்றி என்கிறார்கள். அது உண்மைதான்.

ஆனால் அதே மலைகளில், ஜப்பானியருடன் சேர்ந்து, இந்திய தேசிய ராணுவத்தாரும் இருந்தார்கள். சுபாஷ் சந்திர போஸின் அழைப்பைக் கேட்டு, மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டங்களிலிருந்து துப்பாக்கி ஏந்த வந்த தமிழர்கள் அந்த ராணுவத்தில் அநேகர். ஏப்ரல் 14-ந் தேதி மொய்ராங்கில் அவர்களுடைய கொடி ஏறியது. ஜூன் மாதத்தில் அவர்களுக்கு அரிசி இல்லை, மருந்து இல்லை. மழையும் மலேரியாவும்தான் மிச்சம். எதிர்ப் பக்கத்திலோ பிரிட்டிஷ் கொடியின் கீழ்ச் சம்பளத்துக்குச் சேர்ந்த இந்தியச் சிப்பாய்கள். பர்மா அரிசி 1942-ல் நின்றுபோய், 1943-ல் வங்காளத்தில் சுமார் முப்பது லட்சம் ஜனங்கள் மாண்ட காலம் அது. வீட்டில் அடுப்பு எரியட்டும் என்று பட்டாளத்தில் பெயர் கொடுத்தவனைத் தேசத் துரோகி என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. தாய் நாட்டு எல்லையில் பசியோடு வீழ்ந்தவனை ஜப்பானின் கைப்பாவை என்று சொல்லவும் நா எழவில்லை.

அந்த வியாழக்கிழமைக்கு இன்னும் ஒரு விசேஷம் உண்டு. சூரியன் அமெரிக்காவை அடைந்தபோது, வாஷிங்டனில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். யுத்தம் முடிந்து திரும்பும் சிப்பாய்களுக்குப் படிப்புச் செலவும், வீடு கட்டக் கடனுதவியும் அளிக்கும் சட்டம் அது. யுத்தம் முடிவதற்குள்ளேயே அவர்கள் திரும்பி வரும் நாளைப் பற்றி யோசித்தார்கள். நம்மவர் கதை வேறு. ஒரு சாராருக்கு 1945 நவம்பரில் டில்லி செங்கோட்டையில் விசாரணை ஆரம்பமாயிற்று. சுதந்திரம் வந்த பிறகும் அவர்களுக்குச் சைன்யத்தில் மீண்டும் இடம் கொடுக்கப்படவில்லை. மற்றொரு சாரார், அன்னியனுக்காகச் சண்டை போட்டவர்கள் என்ற பெயருடன் மௌனமாக ஊர் திரும்பினார்கள். இருவர் வீட்டிலும் கடிதத்துக்காக வாசலைப் பார்த்துக் கொண்டிருந்த தாய்மார்கள் மட்டும் ஒரே மாதிரிதான் காத்திருந்தார்கள்.

திருதராஷ்டிரன் முதல் கேள்வியிலேயே மனிதர்களை இரண்டாகப் பிரித்துவிட்டான். என் மக்கள் என்ன செய்தார்கள், பாண்டுவின் மக்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டான். இம்பால் சாலையைப் பற்றி நாம் அப்படிக் கேட்பதற்கில்லை. அங்கே மேட்டிலும் பள்ளத்திலும் நின்று ஒருவரையொருவர் குறி பார்த்த அந்த இந்தியர்கள் எல்லோரும் நம் மக்கள்தான்.