பொய்த்த எண்ணும் பொய்யாக்கிய எண்ணும்

மயில்துத்தத்தைச் சூடாக்கினால் நீல நிறம் போய் வெண்பொடியாகும் என்பது வேதியியல் படிக்கும் மாணவியர் யாவரும் அறிந்ததே. அந்தப் பொடியில்தான் நாங்கள் மூவரும் வழுக்கி விழுந்தோம்.

2.50 கிராம் படிகத்தை எடுத்து, பீங்கான் கிண்ணத்தில் இட்டு, மணல் தட்டின் மேல் வைத்து ஸ்பிரிட் விளக்கால் சூடாக்கினோம். நீர் முழுவதும் நீங்கினால் 1.60 கிராம் மிஞ்ச வேண்டும். அப்போதுதான் ஒரு காப்பர் சல்பேட்டுக்கு ஐந்து நீர் மூலக்கூறுகள் என்ற கணக்கு வரும். எங்களுக்கு மிஞ்சியதோ 1.71. கணக்குப் போட்டால் ஐந்துக்குப் பதில் 4.1 வந்தது. மறுபடி சூடாக்கலாம் என்றால் மணி அடித்துவிட்டது.

"புத்தகத்திலேயே ஐந்து என்று இருக்கிறது. நாம் என்னடி புதிதாகக் கண்டுபிடிக்கப் போகிறோம்?" என்றாள் எங்களில் ஒருத்தி. அவள் யாரென்று இங்கே எழுதப் போவதில்லை. மற்ற இருவரும் தலையாட்டினோமே! ரெக்கார்டு நோட்டில் 1.60 என்று எழுதி, அதைச் சுற்றி அழகாகக் கட்டமும் போட்டோம். பத்துக்குப் பத்து கிடைத்தது.

சில வாரங்கள் கழித்து ஒரு நாள், ஆங்கில ஆசிரியை வராததால் எங்கள் வேதியியல் சிஸ்டர் வகுப்புக்கு வந்தார்கள். "பாடம் வேண்டாம் சிஸ்டர், ஏதாவது சொல்லுங்கள்" என்று கெஞ்சினோம். சிஸ்டர் சற்று யோசித்துவிட்டு, கரும்பலகையில் 1.30 என்று எழுதி, உடனே அதன் மேல் ஒரு கோடு இழுத்தார்கள். "இந்த எண்ணை நான் பல வருடம் கல்லூரியில் கற்பித்தேன். இது தவறு" என்றார்கள். வகுப்பு அமைதியாகிவிட்டது.

பிறகு ஒரு சேர்மத்தின் படத்தை வரைந்தார்கள். நடுவில் இரிடியம் என்னும் உலோக அணு. அதைச் சுற்றி நின்று, தம்மிடமுள்ள எலெக்ட்ரான்களைக் கொடுத்து அதனோடு பிணையும் துணைகளுக்கு ஈனிகள் என்று பெயர். இந்தச் சேர்மத்தில் ஒரு குளோரினும் ஒரு கார்பன் மோனாக்சைடும் இருக்கின்றன. அவற்றோடு டிரைஃபீனைல் பாஸ்பீன் என்ற பெரிய ஈனிகள் இரண்டு. அந்தப் பாஸ்பீனைப் பார்க்க எங்களுக்கு மின்விசிறி நினைவு வந்தது. நடுக் குமிழில் பாஸ்பரஸ் அணு, மூன்று இறக்கைகளாக மூன்று பென்சீன் வளையங்கள். அப்படிப்பட்ட இரண்டு விசிறிகள் இரிடியத்தின் இருபுறமும் எதிரெதிராக நிற்கின்றன.

இது மஞ்சள் நிறப் பொருள். லௌரி வாஸ்கா என்பவரின் பெயரால் வாஸ்கா சேர்மம் எனப்படுகிறது. இதன் கரைசல் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பற்றிக் கொண்டு ஆரஞ்சு நிறமாகும். ஆக்சிஜனை வெளியேற்றினால் மீண்டும் மஞ்சளாகும். 1963-இல் வாஸ்கா இதை வெளியிட்டபோது அறிஞர்கள் வியந்ததற்குக் காரணம் உண்டு. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் நுரையீரலில் ஆக்சிஜனை வாங்கி, உடலெங்கும் கொண்டுபோய்க் கொடுக்கிறது அல்லவா? அதே கொடுக்கல் வாங்கலை, குடுவையில் செய்த ஒரு சிறிய பொருளும் செய்தது.

சரி, வாங்கிய ஆக்சிஜனை அது எப்படிப் பிடித்திருக்கிறது? அதைக் காண்பதற்குப் படிகம் வேண்டும். படிகத்தின் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்தி, சிதறி விழும் புள்ளிகளின் செறிவை அளந்து, அணு ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று கணக்கிட்டுச் சொல்வார்கள். அமெரிக்காவில் ஐபர்ஸ், லா பிளாக்கா என்னும் இருவர் அவ்வாறு கண்டு 1965-இல் விரிவாக எழுதினார்கள். ஆக்சிஜன் அணுக்கள் இரண்டும் பக்கவாட்டில், இரிடியத்திலிருந்து ஏறக்குறைய சம தூரத்தில் இருந்தன. அவை இரண்டிற்கும் இடையே 1.30 ஆங்ஸ்ட்ராம். (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு.)

1967-இல் குளோரினுக்குப் பதிலாக அயோடின் உள்ள சேர்மத்தை அளந்தபோது அந்தத் தூரம் 1.51 என்று வந்தது. அயோடின் சேர்மம் ஆக்சிஜனை எளிதில் திருப்பித் தராது. குளோரின் சேர்மம் தரும். உடனே ஒரு விளக்கம் பிறந்தது. ஆக்சிஜன் வாயுவில் அணுக்களிடைத் தூரம் 1.21. அதிலிருந்து கொஞ்சமே நீண்டால் ஆக்சிஜன் திரும்பி வரும், மிக நீண்டுவிட்டால் வராது! இவ்வளவு பொருத்தமான விளக்கத்தை யார்தான் விடுவார்கள்? பாடப் புத்தகங்களில் ஏறிவிட்டது. சிஸ்டரும் அதையே கற்பித்து, தேர்விலும் கேட்டு, தெரியாதவர்களுக்கு மார்க்கும் குறைத்திருக்கிறார்கள்.

2008-இல் கனடாவில் அதே சேர்மத்தின் படிகத்தை மறுபடி அளந்தார்கள். 1.47 வந்தது. ஹைட்ரஜன் பெராக்சைடில் இருக்கும் தூரமும் ஏறத்தாழ அதுவே. நாற்பது ஆண்டுக்கு மேல் நின்ற எண் சரிந்தது. அதோடு அந்த அழகான விளக்கமும் சரிந்தது. ஆராய்ச்சி செய்யும் பழைய மாணவி ஒருத்தி அந்தக் கட்டுரையைக் கொண்டுவந்து காட்டியபோதுதான் சிஸ்டருக்கே தெரிந்ததாம்.

"அப்படியானால் முதலில் அளந்தவர்கள் ஏமாற்றினார்களா சிஸ்டர்?" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல்.

சிஸ்டருக்குக் கோபமே வந்துவிட்டது. "யார் சொன்னது? எக்ஸ் கதிரைச் சிதறச் செய்பவை எலெக்ட்ரான்கள். இரிடியத்தில் 77 இருக்கின்றன, ஆக்சிஜனில் 8. குத்துவிளக்குக்குப் பக்கத்தில் மின்மினி எங்கே இருக்கிறது என்று சொல்வது போன்ற வேலை அது. அவர்களுக்குக் கிடைத்ததை அவர்கள் எழுதினார்கள். எழுதி வைத்ததனால்தானே இன்னொருவர் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது?"

நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மறுநாள் மாலை ரெக்கார்டு நோட்டையும் ரஃப் நோட்டையும் எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்திற்குப் போனோம். பாவசங்கீர்த்தனத்திற்கு வரிசையில் நிற்பது அதைவிட எளிது. அங்கே நடுவில் ஒரு திரையாவது இருக்கும். சிஸ்டர் 1.71-ஐயும் 1.60-ஐயும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு 'காணல்' பகுதியை உரக்கப் படித்தார்கள்: "எஞ்சிய பொடி இளநீலம் கலந்த வெண்மையாக இருந்தது."

"எண்ணை மாற்றினீர்களே, நிறத்தை மாற்ற மறந்துவிட்டீர்களா? நீர் முழுவதும் போயிருந்தால் இளநீலம் எங்கிருந்து வரும்? இதைப் படிக்காமல் பத்து மார்க் போட்டது என் தவறு" என்றார்கள். நாங்கள் எதிர்பார்த்து வந்த ஏச்சு இதுவன்று. தலை இன்னும் தாழ்ந்தது.

பிறகுதான் எங்கள் 4.1-இன் கதை தெரிய வந்தது. மயில்துத்தத்தின் படிக அமைப்பை இங்கிலாந்தில் பீவர்ஸ், லிப்சன் என்ற இருவர் 1934-இல் கண்டறிந்து எழுதியிருக்கிறார்கள். ஐந்து நீர் மூலக்கூறுகளும் ஒரே மாதிரி இருப்பவையல்ல. நான்கு, தாமிரத்தைச் சூழ்ந்து ஈனிகளாக நிற்கின்றன. ஐந்தாவது தாமிரத்தைத் தொடாமல், ஹைட்ரஜன் பிணைப்புகளால் மட்டும் தொங்கிக் கொண்டிருக்கிறது. சூடாக்கும்போதும் ஐந்தும் ஒன்றாகப் போவதில்லை. நான்குக்குச் சுமார் 110 டிகிரி வெப்பம் போதும். மிஞ்சிய ஒன்று 200 டிகிரிக்கு மேலே சென்றால்தான் விடும். (எது முதலில் போகிறது, எது கடைசிவரை நிற்கிறது என்பது படத்தில் தெரிவதுபோல் அவ்வளவு எளிதன்று என்றும் சிஸ்டர் எச்சரித்தார்கள்.) எங்கள் ஸ்பிரிட் விளக்கு மணல் தட்டை அந்த வெப்பத்திற்குக் கொண்டு போகவில்லை. நான்கு போயிற்று, ஐந்தாவதில் ஒரு பகுதி நின்றுவிட்டது. கணக்கு ஐந்துக்குக் குறைந்தது அதனால்தான்.

"வகுப்பில் நாற்பது பேரும் ஐந்து என்று எழுதியிருக்கிறார்கள். உங்களிடம் மட்டும்தான் கேட்பதற்கு ஒரு கேள்வி இருந்தது. அதைக் கட்டம் போட்டு மூடிவிட்டீர்கள்" என்றார்கள் சிஸ்டர்.

நாற்பது பேருக்கும் ஐந்து எப்படிக் கிடைத்தது என்று நாங்கள் கேட்கவில்லை. சிஸ்டரும் சற்று நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

அடுத்த செய்முறை வகுப்பில் அனைவரும் மறுபடி செய்ய வேண்டும் என்று உத்தரவாயிற்று. எங்களால்தான் என்று தெரிந்து தோழியர் இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. இம்முறை காஸ் அடுப்பில், நீலம் முற்றிலும் மறையும்வரை சூடாக்கி, மூடி வைத்து ஆறவிட்டு எடை போட்டோம். 1.62 மிஞ்சியது. கணக்கு 4.8.

1.62 என்றே எழுதினோம். எட்டு மார்க்.