குறி தவறாத மருந்து உண்டா?

நமது பங்கில் பூக்கடை வைத்திருக்கும் ஒரு தாய், சென்ற ஆண்டு மார்பில் கட்டி கண்டு, கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். புண் ஆறியதும் கீமோ ஊசி தொடங்குவதற்கு மருத்துவர்கள் நாள் குறித்திருந்தனர். ஒரு ஞாயிறன்று பூசை முடிந்தபின் அவர் நம்மிடம் வந்தார். "சாமி, அந்த ஊசி போட்டால் முடியெல்லாம் கொட்டிவிடுமாம், சோறும் இறங்காதாம். கட்டியை மட்டும் தேடிப்போய் அடிக்கிற நானோ மருந்து வந்திருப்பதாகத் தம்பி மகன் கைப்பேசியில் காட்டினான். அது கிடைக்கும்வரை பொறுக்கலாமா சாமி?" என்று வினவினார்.

அதைப் பற்றி நாமும் எங்கோ அரைகுறையாய்ப் படித்திருந்தோம். "அறிவியல் நாளுக்கு நாள் வளருகிறதம்மா" என்று கூறி, ஆசி அளித்து அனுப்பினோம். அச்சொல்லை அவர் அனுமதியாகவே கொண்டுவிட்டார். குறித்த நாளில் மருத்துவமனைக்குச் செல்லவில்லை. மறுமுறை குறித்துக் கொடுத்த நாளும் தவறியது. செய்தி செவிக்கு எட்டியபோது நாம் அடைந்த கலக்கம் சொல்லுந்தரமன்று. ஆறுதல் என்று எண்ணி நாம் உதிர்த்த அரைச்சொல் ஒரு தாயின் உயிரோடு விளையாடிவிட்டதே என வருந்தி, அறிமுகமான புற்றுநோய் மருத்துவர் ஒருவரை நாடினோம். அவர் விளக்கியதையும், பின்னர் நாம் தேடிக் கற்றதையும் வாசகர்முன் வைக்கிறோம்.

கீமோ மருந்துகளிற் பல, வேகமாகப் பெருகும் உயிரணுக்களைத் தாக்குபவை. புற்றணு வேகமாகப் பெருகுவது; அவ்வாறே மயிர்க்கால், வாய், குடல் இவற்றின் நல்ல அணுக்களும் பெருகுகின்றன. மருந்துக்குப் பகைவன் யார், வீட்டான் யார் என்று தெரிவதில்லை. முடி உதிர்வதும் வாய் புண்ணாவதும் இதனாலேயே.

மருந்தைப் பேழையில் இட்டு அனுப்பினால் என்ன என்று அறிஞர் எண்ணினர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறே நானோமீட்டர். மருந்தேந்தும் துகள்கள் பெரும்பாலும் 200 நானோமீட்டருக்கு உட்பட்டவை. அவற்றைச் செய்யும் பொருள்களுள் ஒன்று பாலிமர், அதாவது சிறு மூலக்கூறுகளை மணிகள்போற் கோத்த நெடுஞ்சங்கிலி. அறுவைக்குப்பின் பிரிக்க வேண்டாத, உடலிலேயே கரைந்துபோகும் தையல் நூலை நம்மிற் பலர் அறிவோம். லாக்டிக் அமிலமும் கிளைக்காலிக் அமிலமும் சேர்ந்து அந்நூலாகும் பாலிமரே மருந்துப் பேழையும் ஆகிறது. பேழை கரையக் கரைய மருந்து மெல்ல வெளிவரும்.

பேழைக்குக் கட்டியின் வழி எவ்வாறு தெரியும்? 1986-ஆம் ஆண்டு ஜப்பானின் குமமோட்டோ நகரில் ஆய்வு செய்த மட்சுமுரா, மயேடா என்னும் இருவர் ஓர் உண்மையைக் கண்டனர். அவசரத்தில் முளைத்த கட்டியின் இரத்தக் குழாய்கள் ஒழுகும் தன்மையுடையவை. கழிவு நீர் வடியும் வழியும் அங்குச் சரியாயில்லை. ஆகவே பெரிய மூலக்கூறுகள் அங்கே கசிந்து தங்கிவிடுகின்றன. பேழை கட்டியைத் தேடிச் செல்வதில்லை; ஓட்டைக் குழாயில் ஒழுகித் தேங்குகிறது, அவ்வளவே.

நம் நாடும் இதில் பின்தங்கவில்லை. மார்புப் புற்றுக்குத் தரும் பாக்லிடாக்செல் நீரில் கரையாதது. ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு திரவத்தையும் சாராயத்தையும் கலந்தே அதை ஏற்றி வந்தனர். அத்திரவம் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அமர்நாத் மைத்ராவின் பாலிமர்த் துகள் ஆய்வின் வழியே, அத்திரவம் வேண்டாத 'நானாக்செல்' என்னும் மருந்தை டாபர் நிறுவனம் 2007-இல் வெளியிட்டது.

இத்துணையும் கேட்டதும், "அப்படியானால் அந்தத் தாய் கேட்டது சரிதானே?" என்றோம். மருத்துவர் தலையசைத்து மறுத்தார். பத்தாண்டுக் காலம் வெளியான ஆய்வுகளைக் கனடா நாட்டு அறிஞர் தொகுத்து 2016-இல் கணக்கிட்டனர். பெரும்பாலும் எலிகளில் நடந்த அச்சோதனைகளில், ஏற்றிய துகள்களுள் கட்டியை அடைந்தவை நடுக்கணக்கில் 100-க்கு 0.7 பங்கே. ஈரலும் மண்ணீரலும் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கின்றன. பயனில்லை என்பதன்று இதன் பொருள். கொழுப்புப் பேழையில் இட்டு, பாலிமர் போர்த்திய டாக்சோரூபிசின் 1995-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இதயத்துக்கு நேரும் தீங்கு அதனால் குறைந்தது. ஆனால் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து புண்ணாகும் வேறொரு துன்பம் தலைகாட்டிற்று. "ஒரு சுமையைக் குறைக்கிறோம், சாமி. சுமையே இல்லாத மருந்து இன்னும் எங்கள் கையில் இல்லை. காத்திருந்தால் கட்டி காத்திராது" என்றார் அவர்.

அன்று மாலையே அத்தாயின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தோம். "அம்மா, அன்று நாம் தெரியாமல் பேசிவிட்டோம், மன்னியுங்கள்" என்றே தொடங்கினோம். கற்றதை எளிய சொல்லில் எடுத்துரைத்தோம். நெடுநேரம் பேசாதிருந்தவர், "முடி திரும்ப முளைக்குமா சாமி?" என்று மட்டும் கேட்டார். பெரும்பாலும் முளைக்கும் என்று மருத்துவர் கூறியதைச் சொன்னோம். அடுத்த செவ்வாயன்று தம்பி மகனே அவரை அழைத்துச் சென்றான்.

முடி உதிரத்தான் செய்தது. வாயும் புண்ணாயிற்று. பூக்கட்டும் விரல்கள் மரத்துப்போயின என்று வருந்தினார். எனினும் ஒரு ஊசியும் தவறவில்லை. இப்போது தலையில் முக்காடிட்டுக் கடையில் அமர்கிறார். முக்காட்டின் கீழ் அரை விரற்கடை முடி வந்திருப்பதாகச் சென்ற வாரம் நம்மிடம் சொல்லிச் சிரித்தார். தவறிய நாள்களால் நேர்ந்தது என்ன என்பதை வரும் ஆண்டுகளின் பரிசோதனைகளே கூறவேண்டும். அக்கவலை நம்மை விட்டு அகலவில்லை.

அன்பர்களே, புதிய மருந்தின் செய்தியைப் படியுங்கள், மகிழுங்கள். அது உங்கள் நோய்க்கு உரியதா, இன்று கிடைக்குமா என்று சிகிச்சை செய்யும் மருத்துவரிடமே கேளுங்கள். கேட்டு விடை பெறும்வரை, குறித்த நாளில் குறித்த ஊசியைத் தவறவிடாதீர்கள். எம்மிடம் யோசனை கேட்டு வருவோரையும் இனி முதலில் கோரிமேட்டுப் பேருந்தில் ஏற்றிவிடுவதென்றே முடிவு செய்திருக்கிறோம்.